காப்பி இலையைத் திருப்பிப் பாருங்கள்

கீரிப்பாறைப் பக்கம் கிராம்புக்கு ஊடே காப்பி வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி போன ஐப்பசியில் என்னைக் கூப்பிட்டார். "இலையெல்லாம் பழுத்து உதிருது சார், உரம் பத்தலையோ?" ஏற்கெனவே இரண்டு தடவை உரம் போட்டிருந்தார். ஒரு இலையைத் திருப்பினேன். அடிப்பக்கத்தில் வட்ட வட்டமாய்ப் புள்ளிகள். கட்டைவிரலால் தேய்த்தேன், ஆரஞ்சுப் பொடி ரேகைக்குள் இறங்கிவிட்டது. இலைத்துரு என்னும் பூஞ்சை நோய். எத்தனை மூட்டை உரம் போட்டாலும் இதற்குக் கேட்காது.

அவர் வைத்திருந்தது அரபிக்கா என்கிற காப்பி இனம். அதன் பிறந்த வீடு எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடு. அங்கிருந்து ஏமன். ஏமனிலிருந்து பாபா புடன் என்கிற சூஃபி ஞானி ஏழே ஏழு விதையை ஒளித்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் நட்டார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. டச்சுக்காரர்கள், 1741இல் நம் குளச்சலில் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்ற அதே கம்பெனிக்காரர்கள், 1690களில் மலபார்க் கரையிலிருந்து ஜாவாவுக்குச் செடி கொண்டுபோனார்கள். 1706இல் ஜாவா செடி ஆம்ஸ்டர்டாம் போனது. அமெரிக்கக் கண்டத்துக்குப் போனதில் பெரும்பங்கு அதன் வாரிசுகள்தான்.

கடல் தாண்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு கைப்பிடி விதை, ஒன்றிரண்டு நாற்று. போதாததற்கு, அரபிக்கா தன் மகரந்தத்திலேயே காய்க்கும். அதனால் உலகத்து அரபிக்கா பெரும்பாலும் நெருங்கிய சொந்தக்காரச் செடிகள். ஒன்றைத் தாக்கும் நோய் அடுத்ததையும் எளிதாகத் தாக்கும். 1869இல் இலங்கையில் துரு தலைகாட்டியது. இருபது வருடத்துக்குள் காப்பி போய்த் தேயிலை வந்துவிட்டது.

மத்திய, மேற்கு ஆப்பிரிக்காவின் தாழ்நிலக் காட்டில் பிறந்த ரோபஸ்டா என்கிற இன்னொரு காப்பி இனம் இந்த நோயை நன்றாகவே தாங்கும். உயரம் குறைந்த இடம் என்றால் அதையே வையுங்கள் என்பேன். அரபிக்காதான் வேண்டுமென்றால், நாற்று வாங்கும்போது துருவைத் தாங்கும் ரகமா என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

நம் குமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. இலையில் தண்ணீர் நின்றால்தான் துருவின் வித்து முளைக்கும். ஆக நமக்கு வருடத்தில் இரண்டு தடவை ஆபத்து. ரப்பருக்கு அடிக்கிற அதே துரிசுதான் (மயில்துத்தம்) மருந்து: அரை கிலோ துரிசு, அரை கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். மழைக்கு முன்னாலேயே, இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்கவேண்டும். மேலே மட்டும் அடித்தால் வீண்.

அண்ணாச்சி இந்த வைகாசியில் அடித்துவிட்டார். அப்புறம் போய் நாலைந்து செடியில் இலையைத் திருப்பித் தேய்த்துப் பார்த்தேன். விரலில் ஒட்டியது மருந்தின் நீலம் மட்டும்.