டி.எம்.ஏ.: அணுகலா, அணுக்கமா?

டி.எம்.ஏ. என்பது டைரக்ட் மெமரி ஆக்சஸ். கலைச்சொல் பட்டியல்களில் 'நேரடி நினைவக அணுகல்' என்று இருக்கும். காட்பாடிப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் அந்தத் தமிழைச் சொன்னால் யாருக்கும் சட்டென்று புரியாது. அங்கே கேட்பதெல்லாம் "சார், ஐஓஎம்எம்யூ ஆஃப் பண்ணா ஸ்பீடு ஏறுமாமே?" என்ற கேள்விதான். ஐஓஎம்எம்யூ என்பது சாதனங்கள் நினைவகத்தைத் தொடுவதற்குப் போட்ட காவல், பின்னால் விரிவாக வருகிறது. ஆஃப் பண்ணினால் ஏறும், சில வேலைகளில். ஆனால் அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பது இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் பொருள். நெட்வொர்க் கார்டுக்கு ஒரு பாக்கெட் வருகிறது. அதைச் செயலி பைட் பைட்டாக வாங்கி நினைவகத்தில் அடுக்கினால் வேறு வேலைக்கு நேரமே இருக்காது. அதனால் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், முன்கூட்டியே ஒரு முகவரியைக் கொடுத்துவிடும். கார்டு அங்கே தானாகவே எழுதிவிட்டு, முடிந்ததும் தகவல் சொல்லும். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இந்த வேலைக்கென்றே இன்டெல் 8237 என்ற சில்லு நான்கு தடங்களோடு இருந்தது. பிறகு வந்த பிசி ஏடியில் 24 பிட் முகவரிதான், ஆகவே 16 எம்பிக்கு மேல் அதற்கு எட்டாது. அந்தப் பழைய கார்டுகளுக்காக ஒதுக்கிய 'சோன் டிஎம்ஏ' என்ற நினைவகப் பகுதி லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) இன்னும் இருக்கிறது. இன்றைய கார்டுகளுக்குத் தனிச் சில்லு தேவையில்லை. படிக்கவும் எழுதவும் அவற்றுக்கே தெரியும்.

ஆக, 'டைரக்ட்' என்றால் இங்கே செயலி நடுவில் இல்லாமல் என்று பொருள். கேட்பார் இல்லாமல் என்றும் கொள்ளலாம்.

'ஆக்சஸ்' லத்தீனிலிருந்து வந்தது. ஒன்றை நோக்கிச் செல்வது அதன் வேர்ப்பொருள். தமிழில் 'அணுகு' அதற்கு நேர். அரசரோடு பழகுவோர் "அகலாது அணுகாது" தீக்காய்வார்போல் இருக்க வேண்டும் என்று குறள் (691) சொல்வதும் இந்த அணுகுதலைத்தான். ஆனால் நெருங்குவது வேறு, உள்ளே போய்க் கைவைக்கும் உரிமை வேறு. இரண்டாவதைச் சொல்ல நம்மிடம் 'அணுக்கம்' இருக்கிறது. அணுக்கர் என்றால் நெருக்கமும் நம்பிக்கையும் பெற்றவர். தஞ்சைப் பெரிய கோயிலின் வடபக்க வாயிலை அணுக்கன் திருவாயில் என்பார்கள். எல்லோரும் வரும் கோபுர வாசல் ஒன்று, வேண்டியவர்கள் வரும் வாசல் வேறொன்று. 'மதிலழகு' என்று பேர் வாங்கிய நம் விரிஞ்சிபுரத்தைப் போல எவ்வளவு உயரமாக மதில் எழுப்பினாலும், பக்கவாட்டில் ஒரு வாசலைத் திறந்து வைத்தால் அந்த வழியாக யார் வருகிறார்கள் என்று பார்த்தாக வேண்டும். டி.எம்.ஏ.வைத் தமிழில் 'நினைவக அணுக்கம்' என்றே சொல்லலாம் என்பது என் கட்சி. 'நேரடி' அதிலேயே அடங்கிவிடுகிறது, நம்பிக்கையும் சேர்ந்து வருகிறது.

நம்பிக்கை என்று ஏன் அழுத்துகிறேன்? 2004-இல் மாக்சிமிலியன் டோர்ன்சைஃப் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் ஐபாட் ஒன்றை ஃபயர்வயர் என்ற அந்நாளைய இணைப்புக் கம்பியில் மாட்டி, எதிரில் இருந்த கணினியின் நினைவகத்தைப் படிக்கவும் மாற்றவும் முடியும் என்று காட்டினார். கடவுச்சொல், திரைப்பூட்டு எதுவும் குறுக்கே வரவில்லை, ஏனென்றால் அவையெல்லாம் செயலி வழியாக வருகிறவர்களுக்குத்தான். 2019-இல் கேம்பிரிட்ஜ் குழுவினர் 'தண்டர்கிளாப்' என்ற பெயரில், நெட்வொர்க் கார்டுபோல் நடிக்கும் ஒரு கருவியைத் தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்புத் துளையில் செருகினால் என்னென்ன ஆகும் என்று வெளியிட்டார்கள். (சாதாரண பென் டிரைவுக்கு இந்தச் சக்தி கிடையாது. அதன் சார்பில் நினைவகத்தில் எழுதுவது கணினிக்குள் இருக்கும் யூஎஸ்பி கன்ட்ரோலர். மாணவர்கள் இதைக் குழப்பிக்கொள்வது வழக்கம்.)

தண்டர்கிளாப்பின் சேதி இன்னும் கொஞ்சம் சங்கடமானது: காவல் இருந்தும் பயனில்லாமல் போனது. அந்தக் காவலின் பெயர்தான் ஐஓஎம்எம்யூ. இன்டெல்லில் விடி-டி, ஏஎம்டியில் ஏஎம்டி-விஐ, ஆர்மில் எஸ்எம்எம்யூ, ஆப்பிளில் டார்ட். சாதனம் சொல்லும் முகவரியை உண்மையான முகவரியாக மாற்றித் தருவதும், டிரைவர் அனுமதித்த முகவரிகளின் அட்டவணையில் இல்லாத இடத்தைத் தொட்டால் தடுப்பதும் இதன் வேலை. தொடக்கத்தில் 32 பிட் கார்டுகள் 4 ஜிபிக்கு மேலே எட்டுவதற்கான ஏற்பாடாகவே பலரும் இதைப் பார்த்தார்கள். காவல் பொறுப்பு பின்னால்தான் முக்கியமானது. 'உள்ளீட்டு வெளியீட்டு நினைவக மேலாண்மை அலகு' என்ற மொழிபெயர்ப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே மூச்சில் சொல்ல முடியாத கலைச்சொல் புழக்கத்துக்கு வராது. ஐஓஎம்எம்யூ என்றே இருக்கட்டும்.

இதில் செலவு எங்கே? அனுமதி கொடுப்பது மலிவு. கொடுத்ததைத் திரும்ப வாங்குவதில்தான் இருக்கிறது. ஐஓஎம்எம்யூ தன் மாற்றங்களை ஒரு சிறு நினைவில் குறித்து வைத்துக்கொள்ளும், ஐஓடிஎல்பி என்பார்கள். அட்டவணையில் வரியை அழித்தால் மட்டும் போதாது, அந்தக் குறிப்பையும் அழிக்கச் சொல்லி, 'அழித்தாயிற்று' என்ற பதில் வரும்வரை செயலி நிற்க வேண்டும். 10 ஜிபிட் இணைப்பில் முழு அளவுப் பாக்கெட்டுகள் நொடிக்கு ஏறத்தாழ 8 லட்சம் வரும். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 1.2 மைக்ரோநொடி. 100 ஜிபிட் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் வாங்கினால் கார்டு வாங்கிய காசு வீண்.

இங்கேதான் 'ஸ்ட்ரிக்ட்', 'லேசி' என்ற இரண்டு சொற்கள். ஸ்ட்ரிக்ட் என்றால் ஒவ்வொரு முறையும் உடனே ரத்து. லேசி என்றால் ரத்துகளைச் சேர்த்து வைத்து மொத்தமாகச் செய்வது. 'சோம்பேறி முறை' என்று எழுதுகிறவர்களுக்குக் கோடி கும்பிடு. அதில் சோம்பல் ஏதும் இல்லை. சத்துவாச்சாரி கோர்ட்டுப் பக்கம் போனால் தினமும் காதில் விழும் சொல் ஒன்று இருக்கிறது: வாய்தா. உருது வழியாக வந்தது, ஆற்காட்டுக்காரர்களுக்கு அந்நியமில்லை. லேசி என்பது ரத்துக்கு வாய்தா போடுவது. வழக்கு தீரவில்லை, தேதி மட்டும் தள்ளிப்போகிறது. அதுவரை எதிராளி வீட்டிலேயே இருக்கிறான். லினக்ஸில் இந்த வாய்தா வழக்கமாக 10 மில்லிநொடி, அல்லது ஒரு செயலிக் கோரின் வரிசையில் 256 ரத்துகள் சேரும்வரை. 10 மில்லிநொடி அற்பமாகத் தெரியலாம். மேலே சொன்ன 10 ஜிபிட் கணக்கில் அதற்குள் 8,000 பாக்கெட் வந்துவிடும். டிரைவர் 'இனி என்னுடையது' என்று நினைத்து வேறு வேலைக்குக் கொடுத்துவிட்ட இடத்தில், கெட்ட சாதனம் அதுவரை எழுதிக்கொண்டிருக்கலாம்.

உடனே ரத்து செய்தாலும் ஓட்டை முழுதாக அடைபடாது. ஐஓஎம்எம்யூ அனுமதி தருவது 4,096 பைட் பக்கக் கணக்கில். 1,500 பைட் பாக்கெட்டுக்குப் பக்கத்தைத் திறந்துவிட்டால், அதே பக்கத்தில் மிச்சமிருக்கும் இடத்தில் கர்னல் வேறு என்ன வைத்திருக்கிறதோ அதுவும் திறந்துவிடும். இதற்குத் தீர்வு 'பவுன்ஸ் பஃபர்'. சாதனத்துக்கென்று ஓர் இடத்தை நிரந்தரமாக ஒதுக்கி, அங்கே மட்டும் எழுதவிட்டு, தேவையானதைச் செயலி நகல் எடுத்துக்கொள்வது. நகல் எடுப்பது மெதுவாயிற்றே என்று தோன்றும். டெக்னியான் ஆய்வாளர்கள் 2016-இல் அளந்து பார்த்துச் சொன்னது நேர்மாறு: சிறிய பாக்கெட்டுகளுக்கு, நின்று ரத்து வாங்குவதைவிட நகல் எடுப்பதே மலிவு. ரத்தே தேவையில்லை, அதனால்தான். 2019-இல் வந்த லினக்ஸ் 5.4 முதல், இன்டெல் கணினிகளில் வெளியிலிருந்து செருகும் நம்பத்தகாத சாதனங்களுக்குப் பக்கத்தை நிரப்பாத துண்டுகள் இந்த வழியாகவே போகின்றன.

பஃபருக்கு 'இடையகம்' என்று எழுதுவது வழக்கம். நம் தொண்டை மண்டலத்தில் அதைவிடப் பழைய சொல் இருக்கிறது, தாங்கல். ஏரியைவிடச் சிறியது, வருகிற தண்ணீரைத் தாங்கி வைத்து வேண்டும்போது விடுவது. ஊர்ப்பெயர்களில் வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று நிற்கிறது. பஃபர் செய்வதும் அதுவே. பவுன்ஸ் பஃபரை 'நகல் தாங்கல்' எனலாம்.

உங்கள் கணினியில் எந்த முறை ஓடுகிறது என்று பார்ப்பது சுலபம். லினக்ஸில் டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டில் ஐஓஎம்எம்யூ என்று தேடினால், 'டிஎம்ஏ டொமைன் டிஎல்பி இன்வேலிடேஷன் பாலிசி' என்று ஒரு வரி வரும். அதன் முடிவில் 'லேசி மோட்' அல்லது 'ஸ்ட்ரிக்ட் மோட்' என்று இருக்கும். விண்டோஸில் 2018-இன் 1803 பதிப்பிலிருந்து 'கர்னல் டிஎம்ஏ புரொடெக்ஷன்' இருக்கிறது, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையில் ஆன், ஆஃப் தெரியும்.

கடைசியாக 'பாஸ்த்ரூ'. விர்ச்சுவல் மெஷினுக்கு (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினிக்கு) கிராஃபிக்ஸ் கார்டைக் கொடுக்க வழிகாட்டும் பக்கங்களில் எல்லாம் 'ஐஓஎம்எம்யூ=பிடி' (பிடி என்றால் பாஸ்த்ரூ) என்று பூட் வரியில் சேர்க்கச் சொல்வார்கள். பெயரைப் பார்த்து, அதனால்தான் கார்டு உள்ளே போகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். கார்டை உள்ளே கொடுக்க அது தேவையில்லை. அது செய்வது, ஹோஸ்டின், அதாவது விர்ச்சுவல் மெஷினைத் தாங்கும் அசல் கணினியின், சொந்தச் சாதனங்களுக்கு முகவரி மாற்றத்தை எடுத்துவிடுவது, அதாவது அணுக்கன் வாயிலில் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவது. பூட்டிய ரேக்கில் இருக்கும் சர்வரில் அதை வைத்துக்கொள்ளலாம். ஹாஸ்டல் மேசையில் தண்டர்போல்ட் துளையோடு திறந்து கிடக்கும் லேப்டாப்பில் அந்த வரியை நீக்கி, ஸ்ட்ரிக்ட்டில் வைப்பேன். வைஃபை வேகத்தில் வித்தியாசம் தெரியப்போவதில்லை. லினக்ஸ் 5.15 முதல் லேசி வேண்டுமா ஸ்ட்ரிக்ட் வேண்டுமா என்பதைச் சாதனக் குழு வாரியாகவே அமைக்கலாம், எல்லாவற்றுக்கும் ஒரே முறை என்ற கட்டாயம் இல்லை.