எம்சிபி மெஷினுக்கு இல்லைங்க, வயருக்கு!

இந்த மாசத்துல இது மூணாவது வீடு. "அண்ணே, கேரேஜ்ல ஏதோ கருகுற வாடை வருது, ஆனா மெஷின் நல்லாத்தான் ஓடுது"ன்னு போன்ல சொன்னப்பவே புரிஞ்சு போச்சு. வெல்டிங் மெஷின் வாங்கியிருக்காரு, 16 ஆம்ப்ஸ் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினா தானா விழுந்து லைனைக் கட் பண்ற சுவிட்ச்) சும்மா சும்மா விழுந்திருக்கு, யாரோ ஐடியா குடுத்தாங்கன்னு அதைக் கழட்டிட்டு 32 மாட்டிட்டாரு. வயர் அதே பழைய 2.5 ஸ்கொயர் எம்எம், சாக்கெட்டும் அதே 16 ஆம்ப்ஸ். சாக்கெட்டைக் கழட்டிப் பார்த்தா பேஸ் வயரோட சிவப்பு நிறத்தையே காணோம், பழுப்பாகி, லேசா வளைச்சதும் உறை மொறமொறன்னு உதிருது. பிளக்ல ஒரு பின் கரிக்கட்டை.

எத்தனை தடவை சொல்றது, எம்சிபி இருக்கிறது மெஷினுக்காக இல்லை, சுவத்துக்குள்ள போற வயருக்காக. அது விழுந்துச்சுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம். "சின்னதா இருக்கு, தாங்கலை"ன்னு பெருசா மாத்தினா, தாங்காத வயர் அப்படியேதான் இருக்கு, கத்திச் சொல்றவன் வாயை மட்டும் அடைச்சிருக்கீங்க. கரண்ட் ரெண்டு மடங்கு ஆனா வயர்ல சூடு நாலு மடங்கு ஆகும். இன்னொண்ணு, 32 எம்சிபி 32-ஐத் தாண்டின உடனே விழுந்துடும்னு நினைக்காதீங்க, 36 ஆம்ப்ஸ் ஒரு மணி நேரம் போனாலும் விழக்கூடாதுங்கிற கணக்குலதான் அதைச் செய்யறாங்க, 46 போனாக்கூட விழறதுக்கு ஒரு மணி நேரம் வரைக்கும் எடுத்துக்கலாம். அதுவரைக்கும் அந்த 2.5 வயர் என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

எப்போ விழுதுன்னு முதல்ல பாருங்க. சுவிட்ச் போட்ட நொடியே விழுந்தா அது பெரும்பாலும் இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷின் உள்ள கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிற இழுப்பு, பி டைப் எம்சிபி இருந்தா அதே ஆம்ப்ஸ்ல, இந்த மாதிரி நொடி நேர இழுப்பைக் கூடுதலாத் தாங்குற சி டைப் போடலாம், அதுவும் எர்த் டெஸ்ட் பண்ணி நல்லா இருந்தா மட்டும். நாலஞ்சு நிமிஷம் ராடு ஓட்டினப்புறம் விழுந்தா ஓவர்லோடு, லைனையேதான் மாத்தணும்.

மெஷின் முன்னாடி பெருசா 200ன்னு போட்டிருக்கிறதைப் பார்த்து மிரள வேண்டாம், அது ராடுக்கு வர்ற கரண்ட். சுவத்துல இருந்து இழுக்கிறது பின்னாடி தகட்டுல ஐ1 மேக்ஸ் (அதிகபட்சமா இழுக்கிறது), ஐ1 எஃபெக்டிவ் (விட்டு விட்டு ஓட்டும்போது வயரைச் சூடாக்குற கணக்குக்கு)னு இருக்கும். மேக்ஸ் 30 ஆம்ப்ஸ், டூட்டி சைக்கிள் 40 சதவீதம்னா, அதாவது 10 நிமிஷத்துல 4 நிமிஷம்தான் எரியுதுன்னா, எஃபெக்டிவ் ஏறக்குறைய 19 வரும். வயரோட அளவை இந்த எஃபெக்டிவை வெச்சுத்தான் கணக்குப் போடறோம், நீங்க நிறுத்தாம ஓட்டினா அந்தக் கணக்கும் போச்சு.

இந்த மாதிரி மெஷினுக்கு நான் போடறது டிபியில (எம்சிபி எல்லாம் இருக்கிற பெட்டி) இருந்து தனி லைன், 6 ஸ்கொயர் காப்பர், 32 எம்சிபி, 32 ஆம்ப்ஸ் இண்டஸ்ட்ரியல் சாக்கெட், 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா கட் பண்றது). தூரம் அதிகம்னா வயர் இன்னும் தடிக்கணும். எக்ஸ்டென்ஷன் ரீல் போட்டே ஆகணும்னா முழுசாப் பிரிச்சுப் போடுங்க, சுத்தி வெச்சபடி ஓட்டினா உள்ள சுத்து வெந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். பிளக்ல எர்த் பின்னை உடைக்காதீங்க, கெஞ்சிக் கேட்கிறேன். வேலைப் பீஸ்ல மாட்டுற கிளாம்ப்பை எல்லாரும் எர்த்னு சொல்றோம், அது எர்த் இல்லை, வெல்டிங் கரண்ட் திரும்பிப் போற வழி, அதனால பத்த வைக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே மாட்டுங்க. பிளக்கைப் பிடுங்கிட்டா செத்துப்போச்சுன்னு இன்வெர்ட்டர் மெஷின் மூடியைத் திறக்கிற வீரர்களுக்கும் ஒரு வார்த்தை: கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், கையை விடாதீங்க.

எல்லாத்தையும் அவர்கிட்ட விலாவாரியாச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுட்டு, "அப்போ 32 வேணாம்ணே, 25 போட்டுக்கலாமா?"ன்னாரு. ஒண்ணும் பேசலை, அந்த லைனை டிபியிலயே கழட்டி முனைக்கு டேப் சுத்திட்டு, புது பைப்புக்கு அளவெடுக்க ஆரம்பிச்சேன்.