ரேடியேட்டர்: வெப்பாற்றியா, கதிர்வீசியா?

ரேடியேட்டர் என்றதும் காரின் முன்பக்கத்தில் இருக்கும் சல்லடை போன்ற பாகம்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அந்தப் பெயர் அதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. என்ஜினின் சூடான நீர் மெல்லிய குழாய்களில் ஓடுகிறது. விசிறி இழுக்கும் காற்று அந்தச் சூட்டை வாரிக்கொண்டு போகிறது. நடப்பதில் பெரும்பகுதி வெப்பச்சலனம். பெயருக்கேற்ற வேலையைச் செய்யும் ரேடியேட்டர் விண்கலத்தில்தான் இருக்கிறது. வெளியே காற்று இல்லை. நீரையோ வாயுவையோ கொட்டாமல் வெப்பத்தை மட்டும் வெளியே தள்ளவேண்டுமென்றால், அது அகச்சிவப்புக் கதிராகத்தான் போகவேண்டும்.

சொல்லின் வேர் லத்தீன். 'ரேடியஸ்' என்பதற்குக் கோல், சக்கரத்தின் ஆரக்கால், ஒளிக்கதிர் ஆகிய பொருள்கள் உண்டு. அதிலிருந்து 'ரேடியாரே', கதிர் விடுதல். கதிர் விடுவது ரேடியேட்டர். கணக்குப் பாடத்தின் ரேடியஸும் இதே சொல்தான். தமிழிலும் ஆரக்காலுக்குப் பக்கத்திலேயே வட்டத்தின் 'ஆரம்' இருப்பதைக் கவனிக்கலாம். ஒளிக்கு மட்டும் நம்மிடம் வேறு சொல்: கதிர். ஞாயிற்றின் கதிர், நெற்கதிர், நூல் நூற்கும் கதிர் என மூன்றிலும் கூராக நீளும் ஒரு வடிவம் தெரிகிறது.

ஆகவே 'கதிர்வீசி' என்பது நேரான ஆக்கம். கடத்து என்பதிலிருந்து கடத்தி வருவதுபோல, வீசு என்பதிலிருந்து வீசி. சேர்த்தே எழுதவேண்டும், பிரித்து எழுதினால் 'கதிரை வீசிவிட்டு' என்று வினையெச்சமாகப் படிக்க இடமுண்டு. ஆனால் மனிதர் செல்லும் விண்கலத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. அங்கே 'கதிர்வீச்சு' என்றாலே அண்டக் கதிர்களும் சூரியத் துகள்களும் தரும் ஆபத்துதான் முதலில் தோன்றும். 'கதிர்வீச்சுப் பலகை' என்று எழுதினால், அதைத் தடுக்கும் கவசம் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். அதனால் 'வெப்பக் கதிர்வீசி' என்று முழுதாக எழுதுவதே பாதுகாப்பு. காரில் இருப்பதற்கு 'வெப்பாற்றி' போதும். சூடானதைக் காற்றில் ஆறவிடுவதை ஆற்றுதல் என்றுதானே சொல்கிறோம். 'குளிரூட்டி' இரண்டுக்குமே ஆகாது. அது ஏசிக்குப் போய்விட்ட சொல். வெப்பக் கதிர்வீசி குளிரை உண்டாக்கும் எந்திரமல்ல, வந்த வெப்பத்தை வெளியே விடும் பரப்பு மட்டுமே.

அந்தப் பரப்பு எவ்வளவு வேண்டும் என்பதில்தான் வெப்பப் பொறியாளரின் தலைவலி தொடங்குகிறது. வீசப்படும் வெப்பம் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்ப மாறும். உமிழ்திறன் (முழுக் கறுப்புப் பரப்போடு ஒப்பிட்டால் வீசும் பங்கு) 0.9 உள்ள ஒரு சதுர மீட்டர் பரப்பு 27 டிகிரி செல்சியஸில் சுமார் 413 வாட் வீசும். 2 டிகிரியில் 290 வாட்தான். சர்வதேச விண்வெளி நிலையத்தில் வெப்பத்தைக் கதிர்வீசிகளுக்குச் சுமந்துபோகும் வெளிப்புற அமோனியா சுற்றுகள் இரண்டும் சேர்ந்து 70 கிலோவாட் வெளியேற்ற வடிவமைக்கப்பட்டவை. 2 டிகிரிப் பரப்பென்று வைத்துக்கொண்டால், வெயிலையும் பூமியின் வெப்பத்தையும் கணக்கில் சேர்க்காமலே ஏறத்தாழ 240 சதுர மீட்டர் தேவை. வெயில் நேராக விழுந்தால் கணக்கே கவிழும்: சதுர மீட்டருக்கு 1361 வாட் வரும் ஒளியில், வெள்ளைப் பூச்சு ஐந்தில் ஒரு பங்கைக் குடித்தாலும் 270 வாட். வீசுவதும் வாங்குவதும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். அதனால்தான் அங்குள்ள கதிர்வீசிகள் சுழல் மூட்டில் பொருத்தப்பட்டு, வெயிலில் விளிம்பைச் சூரியனுக்குக் காட்டுகின்றன. பூமியின் நிழலில் முகத்தைப் பூமிக்குத் திருப்புகின்றன. இந்த இரண்டாவது திருப்பம் குளிருக்கு அஞ்சி. அமோனியா உறைவது மைனஸ் 77.7 டிகிரியில், வெப்பச் சுமை குறைந்த நேரத்தில் அதுவும் எட்டாத குளிரல்ல.

அமோனியா நச்சு என்பதால் ஆட்கள் இருக்கும் பகுதிக்குள் அதை விடுவதில்லை. உள்ளே நீர், வெளியே அமோனியா, இடையில் வெப்பப் பரிமாற்றி. 2013 டிசம்பரில் பம்புத் தொகுதியிலிருந்த ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வு பழுதாகி, ஒரு சுற்றின் அமோனியா அளவுக்கு மீறிக் குளிர்ந்தது. வெளியாட்களுக்கு 'அதிகக் குளிர்ச்சி' கோளாறாகவே தோன்றாது. ஆனால் பரிமாற்றிக்குள் நீர் உறைந்து சுவர் கிழிந்தால், அமோனியா நீர்ச்சுற்று வழியாக உள்ளே வரும். பம்புத் தொகுதியையே விண்வெளி நடையில் மாற்றவேண்டியிருந்தது.

கதிர்வீசியின் இன்னொரு பலவீனம் அதன் அளவு. பெரிய பரப்பு, மெல்லிய குழாய், திறந்த வெளி. 2022 டிசம்பரில் சோயுஸ் எம்எஸ்-22 கலத்தின் கதிர்வீசியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை விழுந்து குளிர்விப்புத் திரவம் வெளியே பீய்ச்சியது. நுண் விண்கல் மோதல் என்று ரஷ்யத் தரப்பு கூறியது. அந்தக் கலம் ஆளில்லாமல் திரும்பியது; அதில் சென்ற மூவரும் மாற்றுக் கலத்தில் 2023 செப்டம்பரில்தான் இறங்கினர்.

விண்வெளி உடையின் முதுகுப் பையில் இருப்பதையும் சிலர் ரேடியேட்டர் என்று எழுதுகிறார்கள், தவறு. அங்கே நுண்துளைத் தகட்டில் நீர் பனியாக உறைந்து, நேராக ஆவியாகி வெற்றிடத்துக்குப் போகிறது. அது பதங்கமாதல், கருவி 'பதங்கமாக்கி'. உடைக்குள் 350 வாட் வெப்பம் உண்டானால், ஒரு கிலோ நீர் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குத் தாங்கும். பதங்கமாக்கிக்கு நீர் தீரும். கதிர்வீசிக்குத் தீர எதுவும் இல்லை. பிரித்துப் பெயரிட அந்த ஒரு வேறுபாடே போதும்.