டிரெண்டிங் ஆனது கோப்புக்குள் போகாது

அரசு கொண்டுவரும் வரைவு விதி அரசிதழில் வரும், அதன்மீது மக்கள் கருத்துச் சொல்லும் அவகாசம் முடியும், இறுதி அறிவிக்கையும் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஸ்கிரீன்ஷாட் கட்டோடு வழக்கறிஞரைத் தேடி வருகிறார்கள். “மூணு நாள் டிரெண்டிங்ல இருந்துச்சு சார், அமைச்சரையே டேக் பண்ணோம். யாரும் ஆட்சேபிக்கலைன்னு எப்படிச் சொல்வாங்க?” சொல்வார்கள். சட்டப்படி அப்படிச் சொல்ல அவர்களுக்கு இடமும் இருக்கிறது. இந்த மாதம் இதே கேள்வி ஒன்றுக்கு மேல் வந்துவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

மத்தியச் சட்டங்களுக்கெல்லாம் பொதுவான விதிகளைச் சொல்லும் 1897-ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 23-வது பிரிவை ஒருமுறை படியுங்கள். வரைவை முன்கூட்டியே வெளியிட்டுத்தான் விதி செய்ய வேண்டும் என்று ஒரு மத்தியச் சட்டம் சொன்னால், அங்கே இந்தப் பிரிவு வந்து நிற்கும். குறித்த தேதிக்கு முன்பாக, விதி செய்யும் அதிகாரிக்கு வந்து சேர்ந்த ஆட்சேபத்தையும் யோசனையையும், அது யாருடையதானாலும், அவர் பரிசீலித்தே ஆக வேண்டும். ‘வந்து சேர்ந்த’ என்பதுதான் உயிர்நாடி. உங்கள் பதிவை அமைச்சகத்தில் பத்துப் பேர் பார்த்திருக்கலாம், சிரித்திருக்கலாம், கோபப்பட்டிருக்கலாம். ஆனால் அது அவர்களுக்கு ‘வந்து சேரவில்லை’. அதே பிரிவில் இன்னொரு கத்தியும் உண்டு: முன்வெளியீட்டுக்குப் பின் செய்யப்பட்டது என்று சொல்லி விதி அரசிதழில் வந்துவிட்டால், முறைப்படி செய்யப்பட்டது என்பதற்கு அதுவே முடிவான சான்று. பிறகு நடைமுறைக் குறை சொல்லி உடைப்பது மிகக் கடினம்.

இணையம் என்பதால் ஒதுக்குகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். மக்கள் கருத்தைக் கேட்கும் மத்திய அரசின் மைகவ் தளத்தில் பதிவிடுங்கள் என்று அறிவிக்கையிலேயே இருந்தால், அங்கே தட்டிய நாலு வரி தபாலில் போட்ட கடிதத்துக்குச் சமம். இணையத்தில் போட்டது தப்பில்லை. வாசல் எது என்று பார்க்காமல் போட்டதுதான் தப்பு.

இனி எனக்கு அதிகம் எரிச்சலூட்டும் நம்பிக்கை: ‘லட்சம் பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம், தட்ட முடியாது.’ இது தேர்தல் அல்ல. கை தூக்கச் சொல்லி எண்ணும் கூட்டமும் அல்ல. 2015 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், டேட்டாவுக்கு வேறுவேறு கட்டணம் வைக்கலாமா என்று குறிப்பான கேள்விகளோடு ஓர் ஆலோசனைத் தாள் வெளியிட்டது. ஃபேஸ்புக் நிறுவனம், சில இணையதளங்களை மட்டும் டேட்டா கட்டணமின்றித் தரும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்கு ஆதரவாக, பயனர்கள் பொத்தானை அழுத்தினாலே போய்ச்சேரும் ஆயத்தக் கடிதங்களை லட்சக்கணக்கில் அனுப்பவைத்தது. கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை. ஆலோசனையை வாக்கெடுப்பாக்கப் பார்க்கிறீர்கள் என்று டிராய் எழுத்திலேயே கடிந்துகொண்டது. 2016 பிப்ரவரி 8-ல் வந்த ஒழுங்குமுறை, உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணத்தை மாற்றுவதையே தடைசெய்தது. எண்ணிக்கை வென்றிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். ஒரே வாசகம் பத்தாயிரம் முறை வந்தால், கோப்பைப் பார்ப்பவருக்கு அது ஒரு கருத்து, பத்தாயிரம் பிரதி. எதிர்ப்பு இருக்கிறது என்பதை அது காட்டும். ஏன் என்பதைக் காட்டாது. விதி செய்பவர் பதில் சொல்ல வேண்டியிருப்பது ‘ஏன்’-க்குத்தான். ஒரே ஒரு லாரி உரிமையாளர், புதிய விதியில் சொன்ன அளவு தன் வண்டியில் ஏன் பொருந்தாது என்று அளந்து எழுதினால், அந்த ஒரு கடிதம் கனக்கும்.

அப்படிக் கனத்த கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால்? விதியே நீதிமன்றத்தில் விழலாம். பேச்சு பாதியில் துண்டானால் தொலைபேசி நிறுவனம் பணம் தர வேண்டும் என்ற டிராயின் கால் ட்ராப் இழப்பீட்டு ஒழுங்குமுறையை 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்ததற்கு, வெளிப்படைத்தன்மை இல்லாததும் ஒரு காரணம். அமெரிக்காவின் 1946-ஆம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டம்போல நமக்கும் ஒன்று வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு நாடாளுமன்றத்துக்குச் சொன்னது. (வரைவுகளை 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்லும் 2014-ஆம் ஆண்டுக் கொள்கை ஒன்று இருக்கிறது. அது கொள்கைதான், சட்டமல்ல. அதை வைத்து மட்டும் வழக்காட வராதீர்கள்.)

எழுதும் முறைக்கு வருவோம். அறிவிக்கை எண்ணும் தேதியும் மெயிலின் பொருள் வரியிலேயே இருக்கட்டும். விதி எண், இப்போதைய வாசகம், நீங்கள் கேட்கும் மாற்று வாசகம், காரணம், ஆதாரம் என்று விதிவாரியாகப் போங்கள். ‘மக்கள் விரோத விதியைத் திரும்பப் பெறு’ என்பது சுவரொட்டிக்கு நல்ல வரி. ஆதாரத்தை பிடிஎஃப் ஆக இணையுங்கள். டிரைவ் லிங்க் போடாதீர்கள், ஆறு மாதம் கழித்து அது திறக்காது, திறக்காத லிங்க் ஆதாரமும் ஆகாது. தமிழில் எழுதுங்கள், தாராளமாக. டெல்லிக்குப் போவதென்றால் ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கம் சேர்ப்பது புத்திசாலித்தனம்.

நாள் கணக்கில் கவனம் தேவை. செய்தித்தாளில் நீங்கள் படித்த தேதியிலிருந்து எண்ணக் கூடாது. பெரும்பாலான வரைவுகளில், அரசிதழ்ப் பிரதி பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்த நாளிலிருந்து 30 அல்லது 60 நாள் என்று இருக்கும். 2020 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவுக்கு அமைச்சகம் ஜூன் 30 வரை நீட்டித்தது, டெல்லி உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. அது விதிவிலக்கு. அதை நம்பி உட்காராதீர்கள். கடைசி நாள் இரவு மெயில்பெட்டி நிரம்பித் திரும்பி வந்தால் யாரிடம் முறையிடுவீர்கள்? ஒரு வாரம் முன்பே அனுப்பி, அதே பிரதியை ஸ்பீட் போஸ்டிலும் போட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

தயவுசெய்து ஆதார் எண், வங்கி விவரம், வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் எழுதாதீர்கள். 2015-ல் இணையச் சமத்துவம், அதாவது எல்லாத் தளங்களையும் பாகுபாடின்றி நடத்துவது பற்றி வந்த பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மெயில்களை டிராய் அப்படியே தளத்தில் ஏற்றியது, மெயில் முகவரிகளோடு. ஸ்பாம் அனுப்புபவர்கள் யார் வேண்டுமானாலும் அந்த முகவரிகளை அள்ளிக்கொள்ளும் நிலை.

நேர்மாறாகவும் நடக்கும். 2025 ஜனவரியில் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவில், கருத்துகளை யாருக்கும் வெளியிட மாட்டோம் என்றே அறிவிப்பு சொன்னது. அங்கே தகவல் உரிமைச் சட்டப்படி ஆர்டிஐ மனு போட்டாலும் கையில் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. மற்ற இடங்களில் இறுதி விதி வந்ததும் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள்: வந்த கருத்துகளின் தொகுப்புப் பட்டியல், அதில் உங்கள் மெயிலின் வரிசை எண், அதன்மீதான கோப்புக் குறிப்பு. 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்கும்போது, நீங்கள் அனுப்பிய மெயிலை, எப்போது எங்கிருந்து எங்கே போனது என்று காட்டும் முழுத் தலைப்பு (ஹெடர்) விவரங்களோடு அச்செடுத்து இணைத்துவிடுங்கள். ‘அப்படி எதுவும் வரவில்லை’ என்ற பதிலுக்கு அந்த ஒரு தாள்தான் மறுப்பு.