"கர்த்தர் சொல்லிவிட்டார்" என்ற பிறகும் கேட்கவேண்டிய கேள்விகள்

ஆற்றுப்படுத்தும் (மன ஆலோசனை தரும்) பணியில் நான் அதிகம் தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. எதிரில் அமர்ந்திருப்பவர், "இதைக் குறித்துக் கர்த்தர் என்னோடு பேசிவிட்டார்" என்று சொல்லும் இடமே அது. தேவன் பேசுகிறார் என்பதை நான் மறுப்பவன் அல்லன். அந்த விசுவாசத்தில் வளர்ந்தவன்தான். ஆனால் பேச்சைத் தொடங்குவதற்காக அந்த வாக்கியத்தைச் சொல்பவர்களைவிட, பேச்சை முடித்துவிடுவதற்காகச் சொல்பவர்களையே நான் அதிகமாகச் சந்தித்திருக்கிறேன். வேலையை விடுவது, ஒருவரை மணந்துகொள்வது, சேமிப்பு முழுவதையும் ஓர் ஊழியத்துக்குக் கொடுத்துவிடுவது, மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்துவது என்று முடிவு எதுவாக இருந்தாலும், அதன்மேல் கர்த்தருடைய பெயர் வந்துவிட்டால், வாழ்க்கைத்துணையோ பெற்றோரோ போதகரோ அதைத் தொடவே அஞ்சுகிறார்கள். கேள்வி கேட்பதே அவிசுவாசம் என்று ஆகிவிடுகிறது.

வேதத்தில் அந்த அச்சம் இல்லை. ஆவியை அவித்துப்போடாதிருங்கள், தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதிருங்கள் என்று தெசலோனிக்கே சபைக்கு எழுதிய பவுல், அடுத்த வசனத்திலேயே எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுகிறார். கொரிந்து சபையில் தீர்க்கதரிசிகள் பேசும்போது மற்றவர்கள் அதைச் சீர்தூக்கி நிதானிக்கவேண்டும் என்கிறார். எல்லா ஆவிகளையும் நம்பாமல் சோதித்தறியுங்கள் என்று யோவானும் எழுதுகிறார். ஆகவே, ஒருவர் கேட்ட சத்தத்தைக் குறித்து மற்றவர்கள் கேள்வி கேட்பதைத் தேவன் அவமதிப்பாக எண்ணுவதில்லை. அப்படி எண்ணுவது பெரும்பாலும் அந்த முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்ட மனிதர்தான்.

சிறுவன் சாமுவேலுக்கு மூன்று முறை சத்தம் கேட்டது. மூன்று முறையும் அவன் ஆசாரியனான ஏலியிடம் ஓடினான். அவன் காதில் பிழை ஏதும் இல்லை. அழைத்தவர் யார் என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுகொள்ள உதவியவர், பார்வை மங்கிய, தம் குமாரர்களைக் கண்டிக்கத் தவறிய ஒரு முதியவர். ஆலோசனை தருபவர் குறையற்றவராக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை போலும். ஏலி செய்த இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: "கர்த்தர் உனக்கு இதைத்தான் சொல்லப்போகிறார்" என்று அவர் சொல்லவில்லை, எப்படிச் செவிகொடுப்பது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் பையனைப் போய்ப் படுத்துக்கொள்ள அனுப்பினார். இன்று பிறருக்காகத் தேவசத்தம் கேட்டுச் சொல்ல முன்வருகிறவர்களில் பலர் ஏலியைப் போல விலகி நிற்பதில்லை. 1 இராஜாக்கள் 13ஆம் அதிகாரத்தில் ஒரு கிழவனான தீர்க்கதரிசி, தேவதூதன் தன்னிடம் சொன்னதாகப் பொய் சொல்லித் தேவனுடைய மனுஷனைத் தன் வீட்டுக்குத் திருப்பி அழைத்துப் போகிறான். தான் நேரடியாகப் பெற்ற கட்டளையை விட்டுவிட்டு இன்னொருவர் வாயிலிருந்து வந்ததை நம்பியவர், அன்று வழியிலேயே சிங்கத்தால் கொல்லப்பட்டார்.

தேவசித்தம் தேடி வருகிறவர்களிடம் நான் அதிகம் காண்பது வேறொரு சிக்கல். அதற்கு எரேமியா 42, 43ஆம் அதிகாரங்களைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. எருசலேம் விழுந்துவிட்டது, பாபிலோனியர் நியமித்த அதிபதியான கெதலியா கொலை செய்யப்பட்டுவிட்டான், மீந்திருந்த மக்கள் பாபிலோனியருக்குப் பயந்து எகிப்துக்குப் போகும் நோக்கத்தோடு பெத்லகேமுக்கு அருகே தங்கியிருக்கிறார்கள். அங்கே வைத்துத்தான், தாங்கள் போகவேண்டிய வழியைக் கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும்படி தீர்க்கதரிசியான எரேமியாவைக் கெஞ்சுகிறார்கள். பதில் நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்று வாக்கும் கொடுக்கிறார்கள். பத்து நாள் கழித்தே கர்த்தருடைய வார்த்தை எரேமியாவுக்கு வருகிறது. எகிப்துக்குப் போகாதிருங்கள் என்பதே அது. கேட்டவுடன் அவர்கள் அவரை நோக்கி, நீ பொய் சொல்லுகிறாய் என்றார்கள். மூட்டையைக் கட்டி வழியில் இறங்கிவிட்ட பிறகு கேட்கப்படும் ஜெபம், அனுமதி முத்திரைக்கான விண்ணப்பம் மட்டுமே. என்னிடம் வருகிறவரிடம் நான் முதலில் கேட்பதும் இதுதான்: "கர்த்தர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், அதைக் கேட்கும் நிலையில் இருந்தீர்களா?" பதில் வர நேரமாகும், நான் காத்திருப்பேன்.

இதே எரேமியா, 32ஆம் அதிகாரத்தில், தன் தகப்பனுடைய சகோதரரின் மகன் ஆனதோத்திலுள்ள நிலத்தை விற்க வருவான் என்ற வார்த்தையைப் பெறுகிறார். அவன் உண்மையாகவே வந்து நின்ற பிறகுதான், அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டதாக எழுதுகிறார். பல ஆண்டு அனுபவமுள்ள தீர்க்கதரிசிக்கே நடந்த பிறகு உறுதிப்பட்ட ஒன்று, நமக்கு ஒரே இரவில் ஐயத்துக்கு இடமின்றித் தெளிந்துவிட வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்?

"எனக்குள் சமாதானம் இருக்கிறது, அதனால் இது தேவசித்தம்தான்" என்பது அடுத்து வரும் ஆதாரம். தேவசமாதானம் உங்கள் இருதயங்களில் ஆளக்கடவது என்ற கொலோசெயர் வசனத்தை இதற்கு மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அந்த வசனம், ஒரே சரீரமாக அழைக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கி மன்னிப்பதைப் பற்றிப் பேசும் பகுதியில் இருக்கிறது. உங்கள் மனம் மட்டும் அமைதியாகி வீட்டிலுள்ள மற்ற எல்லோரும் கலங்கிப்போயிருக்கும் நிலையை அது சமாதானம் என்று சொல்லவில்லை. கடினமான ஓர் உரையாடலைத் தவிர்த்துவிட்டபோதும் மனம் அமைதியாகத்தான் இருக்கும். கர்த்தருடைய கட்டளைக்கு விலகி ஓடிய யோனாவும் கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து தூங்கினான்.

உடலும் மனமும் இதில் வகிக்கும் பங்கைத் திருச்சபைகள் அதிகம் பேசுவதில்லை. ஓரேப் மலையில் தீர்க்கதரிசி எலியா கேட்ட அமர்ந்த மெல்லிய சத்தத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அதற்கு முன், சாக விரும்பிச் சூரைச்செடியின்கீழ் படுத்திருந்த அவருக்கு இரண்டு முறை உணவும், இடையே உறக்கமும் கொடுக்கப்பட்டதைச் சிலரே சொல்லக் கேட்டிருக்கிறேன். நாள்கணக்கில் தூங்காதவருக்கு இல்லாத சத்தம் கேட்கக்கூடும். அன்புக்குரியவரை இழந்தவருக்கு அவருடைய குரல் கேட்பது துக்கத்தில் அரிதானதன்று. பல நாள் மிகக் குறைவாக உறங்கியும் களைப்பே இல்லாமல், தனக்கென்று மாபெரும் அழைப்பு வந்திருப்பதாக ஒருவர் ஓயாது பேசினால், அது அபிஷேகம்தான் என்று சபை முடிவுசெய்வதற்கு முன் ஒரு மனநல மருத்துவர் அவரைப் பார்க்கவேண்டும். விருப்பமில்லாமலே தேவதூஷணமான எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்து, மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று நடுங்குகிறவர்களில் பலருக்கு இருப்பது எண்ணச் சுழற்சி நோய் (OCD). அதற்குச் சிகிச்சை உண்டு. தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லும் குரல் கேட்டால், அது யாருடைய குரல் என்று விவாதித்துக்கொண்டிருக்காமல், அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். மனநலத்துக்கும் வலிப்புக்கும் எடுக்கும் மாத்திரைகளில் பலவற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. நிறுத்தச் சொல்லிக் கர்த்தர் பேசியதாகத் தோன்றினால், அதை முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். உண்மையான வார்த்தை அந்த அறைக்குள் நுழைந்ததும் கரைந்துவிடாது.

இவ்வளவுக்குப் பிறகும், ஒருவர் கேட்டது தேவனுடைய சத்தம்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போஸ்தலர் 21ஆம் அதிகாரத்தில், எருசலேமில் பவுல் கட்டப்படுவார் என்று அகபு என்னும் தீர்க்கதரிசி ஆவியானவரால் சொல்லுகிறான். அதைக் கேட்ட அனைவரும் போகவேண்டாம் என்று அழுகிறார்கள். பவுலோ கட்டப்படுவதற்கும் ஆயத்தம் என்று புறப்படுகிறார். ஒரே செய்தி, இரண்டு முடிவுகள். கேட்டது ஒன்று, அதற்கு நாம் கொடுக்கும் பொருள் இன்னொன்று, அதன்பேரில் செய்யத் துணிவது மூன்றாவது. இவை மூன்றும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்போதுதான், நம்முடைய துணிவுக்கும் தேவனுடைய அதிகாரம் வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. நானே ஒருமுறை என் சொந்த விருப்பத்தை இன்னொருவருக்கான "ஆலோசனை" என்று சொல்லிவிட்டு, பின்னர் மன்னிப்புக் கேட்க நேர்ந்திருக்கிறது.

வேலையை விடும்படி கர்த்தர் சொன்னதாக ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஜெபத்தில் அவருக்குக் கிடைத்த சொற்களை மட்டும், ஒன்றும் கூட்டாமல், ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு, இந்த முடிவால் லாபமோ நட்டமோ இல்லாத இரண்டு பேரிடம் காட்டிவிட்டு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னேன். வந்தார். தாளில் "பயப்படாதே" என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. அலுவலகத்தில் நெடுநாளாகப் பட்டுவந்த அவமானத்தை அன்றுதான் அவர் மனைவியிடம் முதல்முறையாகச் சொன்னார். வேலையை விடுவதா வேண்டாமா என்று இருவரும் பேசத் தொடங்கினார்கள். நான் சற்று நேரம் வெளியே போய் அமர்ந்திருந்தேன்.