கைமடியும் செயற்பொறியாளரும்: கோப்பில் ஏறாத அறிவு கைமாறும் விதம்

திருப்பூரில் "டெய்லர், கைமடி, செக்கிங் வேலைக்கு ஆட்கள் தேவை" என்ற அறிவிப்பு தொங்காத பனியன் கம்பெனித் தெருக்கள் குறைவு. கைமடி என்பவர் தையல்காரரின் அருகில் நின்று, வெட்டிய துணித் துண்டுகளை அடுக்கிக் கொடுத்தும், தைத்து வருபவற்றை வாங்கி வைத்தும் உதவுபவர். அவருக்கு யாரும் பாடம் நடத்துவதில்லை. ஆயினும் எந்தத் துணி இழுபடும், எந்த மடிப்பில் ஊசி உடையும், அவசர ஆர்டரில் எதை முதலில் முடித்துத் தர வேண்டும் என்பதெல்லாம் சில மாதங்களில் அவருக்குப் பிடிபட்டுவிடுகின்றன. தையல்காரர் வராத ஒரு நாளில் அவரே மெஷினில் உட்காருகிறார்.

கற்றலைப் பற்றிய அறிவியலும் இதே போன்ற ஒரு காட்சியைக் கண்டிருக்கிறது. ஜீன் லேவ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1970-களில் லைபீரியாவில் வாய், கோலா ஆகிய இனக்குழுக்களைச் சேர்ந்த தையல்காரர்களிடம் கள ஆய்வு செய்தார். அங்கே தொழில் பழக வரும் சிறுவர்கள் பொத்தான் தைத்தல், ஓரம் மடித்தல் போன்ற இறுதி வேலைகளிலிருந்து தொடங்கி, பிறகு தையலுக்கு வந்து, துணி வெட்டுவதைக் கடைசியாகவே கற்றார்கள். ஆடை உருவாகும் வரிசைக்கு நேர் எதிரான வரிசை இது. ஓரம் மடிப்பதில் நேரும் பிழையைப் பிரித்துத் திருத்திவிடலாம். வெட்டில் நேரும் பிழைக்குத் துணியே போய்விடும். மேலும், முடிந்த ஆடையை முதலில் கையில் எடுப்பவனுக்கு முழு வேலையின் வடிவமும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. லேவும் எட்டியென் வெங்கரும் 1991-இல் இதைப் பொதுக் கோட்பாடாக முன்வைத்தனர். ஒரு தொழிலைச் செய்வோரின் நடுவே ஓரமாக இடம்பெற்று, சிறு பொறுப்புகளிலிருந்து மையத்தை நோக்கி நகர்வதே கற்றல் என்றும், அவ்வாறு கற்பிக்கும் மனிதக் கூட்டமே அறிவு தங்கும் இடம் என்றும் அவர்கள் வாதிட்டனர். அந்தக் கூட்டத்தை இங்கே செயலறிவுக் குழாம் என்று சொல்லலாம். அதற்கு மூன்று கூறுகள் வேண்டும் என்று வெங்கர் பின்னர் வகுத்தார்: எல்லோருக்கும் கவலையாக இருக்கும் ஒரு பொருள், ஒருவரையொருவர் அறிந்த ஆட்கள், அவர்கள் கையாளும் பொதுவான உத்திகள்.

அரசுத் துறைகளில் நடப்பது பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். தேர்வெழுதி உதவிப் பொறியாளராகச் சேரும் இளைஞரிடம் சீக்கிரமே வந்து சேரும் வேலை, ஒரு பணிக்கான செலவு மதிப்பீடு தயாரிப்பது. அதாவது, துணி வெட்டுவது. எந்த நிலத்தில் கால்வைக்கிறோம், எந்த மின்கம்பத்தை நகர்த்த எத்தனை மாதம் ஆகும் என்று அறியாத கை போடும் அந்த வெட்டின்மேல்தான் நிர்வாக ஒப்புதலும் ஒப்பந்தப்புள்ளியும் எழுகின்றன.

கொங்கு நாட்டில் இத்தகைய வேலையின் சிக்கலைக் காட்ட அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பின் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்ட இத்திட்டம், பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் உபரி நீரில் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. அளவை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியே மேட்டுக்கு ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 நீர்நிலைகளுக்குக் கொண்டு செல்கிறது. செலவு சுமார் 1,916 கோடி ரூபாய். அந்த 1,045-ஐப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்: நீர்வளத் துறை ஏரிகள் 32, ஊராட்சி ஒன்றிய ஏரிகள் 42, மீதி 971-உம் குட்டைகள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாய்கள் செல்லும் வழியில் நெடுஞ்சாலைத் துறையின் சாலையும், ஊராட்சியின் வண்டிப்பாதையும், தனியார் தோட்டமும், மின்வாரியத்தின் கம்பமும் மாறி மாறி வரும். வரைபடத்தில் நீலப் புள்ளியாகத் தெரியும் ஒவ்வொரு குட்டைக்கும் ஒரு ஊர் இருக்கிறது. ஊருக்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

அந்தக் கதை எந்தக் கோப்பிலும் இருக்காது. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். புதிதாக வந்த பொறியாளர் ஒருவர் குழாய் பதிக்கும் தேதியைக் குறித்துவிட்டு மூத்தவரிடம் சொல்கிறார். அவர், "ஏனுங்க தம்பி, அந்தக் குட்டையில மீன் குத்தகை யாரு எடுத்திருக்கறாங்கன்னு கேட்டீங்களா?" என்கிறார். ஒரே கேள்வி, இரண்டு மாத முட்டுக்கட்டை அதில் தவிர்ந்துபோகலாம். ஆனால் 'குத்தகைதாரரை முன்கூட்டியே சந்திக்கவும்' என்று கையேட்டில் அச்சிட்டுவிட்டால் அது இருநூறு அறிவுரைகளில் ஒன்றாகிக் கண்ணில் படாமலே போய்விடும். நாம் சொல்லக்கூடியதைவிட அதிகமாக அறிந்திருக்கிறோம் என்று 1966-இல் மைக்கேல் போலானி எழுதியதன் பொருள் இதுவே. அந்த மூத்தவரிடம் 'உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதித் தாருங்கள்' என்று கேட்டிருந்தால் மீன் குத்தகை அவர் நினைவுக்கே வந்திராது. இளையவரின் தேதிதான் அதைக் கிளறி எடுத்தது.

கீழ்பவானிக் கால்வாயைக் கான்கிரீட்டால் சீரமைக்கும் பணியில் எழுந்த பிணக்கும் இவ்வகையைச் சேர்ந்ததே. மதிப்பீட்டில் கசிவு என்பது இழப்பு. கடைமடை உழவருக்கும் அப்படித்தான். கால்வாயை ஒட்டிய தோட்டக்காரருக்கோ அதே கசிவுதான் கிணற்று ஊற்று. உழவர்களே இரு பக்கமாகப் பிரிந்து நின்ற அந்த அனுபவத்திலிருந்து வேறொரு கால்வாயின் பொறியாளர் கற்க வேண்டியது ஏராளம். அதைக் கற்பதற்கான இடம் எது என்பதே கேள்வி.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுநீக்குநர்களை 1980-களில் உடனிருந்து கவனித்த ஜூலியன் ஆர் என்ற மானிடவியலாளர் இதற்கு ஒரு விடை தருகிறார். நிறுவனம் பழுதுக் குறியீடுகளும் திருத்தும் படிகளும் அடங்கிய கையேட்டைக் கொடுத்திருந்தது. கையேட்டுக்கு அடங்காத பழுது வந்தபோது அவர்கள் ஒருவருக்கொருவர் பழைய இயந்திரங்களின் கதைகளைச் சொல்லிச் சொல்லியே காரணத்தை நெருங்கினார்கள். காலைச் சிற்றுண்டி மேசையில் நடந்த அந்தப் பேச்சு, மேலிருந்து பார்ப்பவருக்கு வெறும் அரட்டை. பின்னர் அந்நிறுவனம் அவர்களின் குறிப்புகளைத் தொகுத்தபோது, ஒவ்வொரு குறிப்பையும் சக தொழிலாளர்களே சரிபார்த்து, எழுதியவரின் பெயரோடு வெளியிட்டார்கள். பணப் பரிசைவிட அந்தப் பெயருக்கே மதிப்பு இருந்தது.

நம் அலுவலகங்களில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. வாரந்தோறும் ஆய்வுக் கூட்டம், அலுவலகத்துக்கு நான்கு வாட்ஸ்அப் குழு. ஆனால் ஆய்வுக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் துறையைக் காத்துக்கொண்டு, தாமதத்தைப் பக்கத்துத் துறையின்மேல் வைப்பதே இயல்பு. மேலதிகாரி இருக்கும் வாட்ஸ்அப் குழு பணி முன்னேற்றப் புகைப்படங்களுக்கான அலமாரியாகிவிடுகிறது. குறை மனிதர்களிடம் இல்லை. 'இதில் தவறிவிட்டேன்' என்று சொல்வது ஒழுங்கு நடவடிக்கைக்கான 17-பி குற்றச்சாட்டுக் குறிப்பாணைக்கோ தணிக்கை ஆட்சேபணைக்கோ வழிவிடுமானால், அறிவுள்ள எவரும் வாய் திறக்கமாட்டார். ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளின் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக வழிநடத்தப்பட்ட குழுக்களில் மருந்துப் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருப்பதைக் கண்டு திகைத்தார். அங்கே பிழை மறைக்கப்படாமல் பேசப்பட்டது என்பதே அவர் கண்ட விளக்கம்.

ஆகவே திட்டப் பொறுப்பாளர்களுக்கான குழாம் அமைப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது யார் அந்த அறையில் இருக்கக்கூடாது என்பதை. ஒருவரின் பதவி உயர்வு அறிக்கையை எழுதுபவர் அவரோடு ஒரே வட்டத்தில் அமரலாகாது. ஒத்த நிலையிலுள்ள செயற்பொறியாளர்களும் உதவி செயற்பொறியாளர்களும் வெவ்வேறு துறைகளிலிருந்து வரட்டும். நடவடிக்கைக் குறிப்பு எழுதினால் அது கோப்பாகிவிடும். கற்ற உத்தியை மட்டும் ஊர்ப்பெயர் நீக்கி எழுதிக்கொண்டால் போதும். ஒவ்வொரு அமர்விலும் ஒருவர், முடிந்துபோன வெற்றியை விட்டுவிட்டு, இப்போது சிக்கியிருக்கும் ஒரு பணியைக் கொண்டுவர வேண்டும். ஒப்பந்தப்புள்ளி விலை, ஒப்பந்ததாரர் தேர்வு ஆகியவை இங்கே பேசப்படவே கூடாது. அவற்றுக்கு 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வகுத்த வழி இருக்கிறது. இத்தகைய குழுக்களில் ஒரு சிறு வட்டமே எப்போதும் முனைப்பாக இருக்கும், பெரும்பாலோர் ஓரத்தில் நின்று கேட்பார்கள். அதைக் குறையாகக் கருதி வருகைப் பதிவேடு வைப்பவர்கள் குழாத்தைக் கொன்றுவிடுகிறார்கள். கைமடி நிற்பதும் ஓரத்தில்தானே!

இப்படிச் சில மாதங்கள் கூடினால் இரண்டு விளைவுகள் தென்படும். ஒன்று, யாருக்கு என்ன தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1980-களில் கூட்டு நினைவு பற்றி எழுதியபோது, தம்பதியர் ஒருவர் நினைவை மற்றவர் நம்பி வாழ்வதை உதாரணம் காட்டினார். ரயில் பாதையின் குறுக்கே குழாய் போட அனுமதி பெற்ற அனுபவம் கோபிசெட்டிபாளையத்தில் ஒருவரிடம் இருப்பது பொள்ளாச்சிக்காரருக்குத் தெரிந்திருப்பதும் அவ்வகை நினைவே.

இன்னொன்று கணக்கு சார்ந்தது. மனிதர்கள் தம் வேலைக்கான காலத்தைக் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்று டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் விளக்கினர். நம் திட்டத்தை உள்ளிருந்து படிப்படியாக எண்ணிப் பார்ப்பதால் இந்தப் பிழை நேர்கிறது. இதே போன்ற பிற பணிகள் உண்மையில் எவ்வளவு காலம் எடுத்தன என்று வெளியிலிருந்து பார்ப்பதே மருந்து. அந்த வெளிப்பார்வைக்குத் தரவு வேண்டும். பத்துப் பொறியாளர்கள் ஆளுக்கு மூன்று பணிகளில் மின்கம்பம் மாற்ற ஆன நாட்களை மட்டும் மனந்திறந்து சொன்னாலே முப்பது எண்கள் கிடைத்துவிடும். அந்த எண்கள் இன்றும் பத்துத் தலைகளுக்குள் தனித்தனியே கிடக்கின்றன. இடமாறுதல் ஆணை வரும்போது அந்தத் தலைகளோடு மாவட்டம் மாறிப் போகின்றன.

புதிதாகச் சேர்பவரை என்ன செய்வது? லைபீரியத் தையற்கடை வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதல் ஆறு மாதங்கள் அவர் கையில் மதிப்பீடு எதையும் கொடுக்காமல், முடியும் தறுவாயிலுள்ள ஒரு பணியில் மூத்தவருக்குக் கைமடியாக நிறுத்த வேண்டும்: இறுதிப் பட்டியல் (பில்) தயாரித்தல், அளவுப் புத்தகத்தைச் சரிபார்த்தல், வால்வு கசியும் இடங்களைக் குறித்தல், ஊராட்சியிடம் ஒப்படைத்தல். மதிப்பீட்டில் விட்டுப்போன ஒவ்வொன்றும் அங்கே கூடுதல் தொகையாகவோ கால நீட்டிப்பாகவோ வந்து நிற்பதை அவர் கண்ணால் பார்ப்பார். கத்தரிக்கோலை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.