அப்பத்தா போட்ட ஒரு துண்டு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மதுரை திருநகர் வீட்டில் சுக்கா வாசனை கிளம்பினால் போதும், கொல்லையில் படுத்திருக்கும் எங்கள் நாய் மணி எழுந்து உள்ளே வந்துவிடுவான். இலைக்கு இரண்டடி தள்ளி உட்காருவான். உள்புருவத்தை மேலே தூக்கி, கண்ணைப் பெரிதாக்கி, கறியை விட்டுவிட்டு நம் முகத்தையே பார்ப்பான். அப்பத்தாவுக்கு மனசு இளகிவிடும். "வாயில்லா ஜீவன்டா, ஒரு துண்டுதானே!"

அந்தப் புருவத்துக்கு ஒரு தசை இருக்கிறது. நாய், ஓநாய் இரண்டின் முகத்தையும் அறுத்து ஒப்பிட்ட ஆய்வு 2019-ல் வெளியானது. புருவத்தின் உள்முனையைத் தூக்கும் தசை நாய்களிடம் நன்றாக வளர்ந்திருந்தது. ஓநாய்களிடம் பெரும்பாலும் சில இழைகள்தான். மனிதனோடு சேர்ந்து வாழ்ந்ததில் நாய்க்கு வாய்த்த சொத்து அது. ஆனால் அதை எப்போது, யாரிடம் காட்டினால் கறி விழும் என்பதை மணிக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்.

எங்கள் வீட்டில் யாரும் தினமும் போடுவதில்லை. பத்துத் தடவை விரட்டிவிட்டுப் பதினோராவது தடவை போடுவோம். 'எப்போதாவதுதானே' என்று சமாதானம் வேறு. கெடுதலே அந்த 'எப்போதாவது'தான்.

இதற்கு ஒரு நல்ல கதை உண்டு. 1930-களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் ஸ்கின்னர் என்ற இளம் உளவியலாளர் எலிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். எலி நெம்புகோலை அழுத்தினால் ஒரு தீனி உருண்டை விழும். உருண்டைகளை அவரேதான் உருட்ட வேண்டும். எட்டு எலிகள், ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு உருண்டை. ஒரு சனிக்கிழமை மதியம் கையிருப்பைப் பார்த்தால் திங்கட்கிழமை காலைக்கே தாங்காது. உட்கார்ந்து உருட்டச் சோம்பல்பட்டு, ஒவ்வொரு அழுத்தலுக்கும் தராமல் நிமிடத்துக்கு ஒன்று என்று குறைத்தார். எலிகள் விட்டுவிடவில்லை, விடாமல் அழுத்தின. பிறகு தீனியை அடியோடு நிறுத்தியபோதும், ஒவ்வொரு தடவையும் பெற்றுப் பழகியவற்றைவிட இப்படி விட்டுவிட்டுப் பெற்றவைதான் வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தன.

காரணம் எளிது. எப்போதும் கிடைத்தது நின்றுபோனால் சட்டென்று தெரிந்துவிடும். எப்போதாவது கிடைத்தது நின்றால் நின்றதே தெரியாது. அடுத்த தடவை விழலாம். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்யும்வரை சிம்மக்கல் பக்கம் தினமும் சீட்டு வாங்கியவர்களும் இந்தக் கணக்கில்தான் வாங்கினார்கள். அழகர்மலைக் குரங்குகள் நம் கைப்பையை நோட்டம் விடுவதும் இதே கணக்குத்தான். என்ன, அவை புருவத்தைத் தூக்கிக் கெஞ்சுவதில்லை, பிடுங்கிவிடும்.

சரி, அடியோடு நிறுத்திவிடலாம் என்று இறங்கினோம். மூன்று நாள் மணி முனகினான். நாலாம் நாள் காதைப் பிளக்கிற குரைப்பு, காலைச் சுரண்டல். இது எதிர்பார்க்க வேண்டியதுதான்: வழக்கமான வழி பலிக்காதபோது பல உயிர்களும் அடங்குவதற்கு முன் ஒருமுறை உச்சத்துக்குப் போவதுண்டு. மின்தூக்கி வராவிட்டால் பொத்தானை நாம் நாலு தடவை ஓங்கி அழுத்துகிறோமே, அதேதான். அப்பாவுக்கு அது தெரியவில்லை. "தொலையட்டும்" என்று ஒரு எலும்பைத் தூக்கிப் போட்டார். முனகினால் கிடைக்காது, குரைத்தால் கிடைக்கும் என்று அன்றைக்குப் பாடம் ஆயிற்று.

இரண்டாம் தடவை கொஞ்சம் புத்தியோடு செய்தோம். கெஞ்சுவதை நிறுத்தச் சொன்னால் மட்டும் போதாது, அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது என்று நாய்க்குத் தெரிய வேண்டும். வாசலோரம் ஒரு சாக்கை விரித்தோம். நாங்கள் சாப்பிட உட்காரும் முன் அவன் தட்டில் சோறு. சாக்கில் படுத்தால் உடனே ஒரு பொரி. உடனே என்றால் ஓரிரு நொடிக்குள். தாமதித்தால் எழுந்து வந்ததற்குத்தான் பரிசு என்று எடுத்துக்கொள்வான். சாக்கில் படுத்துக்கொண்டே இலையோரம் உட்கார முடியாது என்பதுதான் இதில் சூட்சுமம். பொரிக்கு இடைவெளியை மெல்ல மெல்லக் கூட்டினோம். ஸ்கின்னரின் சனிக்கிழமைச் சிக்கனம் இப்போது எங்கள் பக்கம்.

இலையிலிருந்து போடாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. சுக்காவில் கறிக்குச் சமமாகச் சின்ன வெங்காயம் கிடக்கிறது. வெங்காயம், பூண்டில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே ரத்தத்தில் கோளாறு காட்டப் போதும். பத்துக் கிலோ நாய்க்கு 150 கிராம், அவ்வளவுதான். வெந்த எலும்போ சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

மூன்று வாரத்தில் மணி அடங்கினான். சித்திரைத் திருவிழாவுக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள். பெரியப்பா ஒரு வெங்காய வடையைப் பிட்டுப் போட்டார். மறுநாள் காலை இட்லி வைக்கும்போது இலைக்கு இரண்டடியில் அதே புருவம். அடங்கிய பழக்கம் அழிந்துவிடுவதில்லை, உள்ளேதான் கிடக்கிறது.

இந்தத் தடவை யாரும் அசையவில்லை. அப்பத்தாதான் இட்லியைப் பிட்டபடி, மணியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சாக்குக்குப் போடா" என்றது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். போய்ப் படுத்தான். மடியிலிருந்து ஒரு பொரி பறந்தது.